செல்ஃப் எடுக்கவில்லை

தை மாதத்து விடியற்காலை ஒன்றில், தஞ்சாவூரில் ஆறு மணி முகூர்த்தத்துக்குப் போக வேண்டியவர்கள் ஐந்து பேர் பட்டும் ஜரிகையுமாக என் பழைய அம்பாசடரில் ஏறி உட்கார்ந்து, கதவுகளையும் அடித்துச் சாத்திக்கொண்ட பிறகு, நான் சாவியைத் திருப்பியதும் அந்த வண்டி ‘டொக்’ என்று ஒரே ஒரு சப்தம் செய்துவிட்டு மௌனமாகிவிட்டது. இரண்டாம் முறை திருப்பியபோது, தூக்கத்தில் புரண்டு படுக்கிறவர் முனகுவதைப்போல எஞ்சின் அரைச் சுற்றுச் சுற்றி நின்றது. மூன்றாம் முறை அதுவும் இல்லை. கும்பகோணத்தில் அந்த இருட்டில் வாடகைக் கார் ஒன்றைத் தேடிப் பிடித்து நாங்கள் போய்ச் சேர்ந்தபோது, தாலி கட்டி முடிந்து இரண்டாம் பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அந்த ஒரு காலைப்பொழுதுக்குப் பரிகாரமாக அடுத்த ஆறு வாரங்களில் நான் புதிய பேட்டரி ஒன்று, புதிய செல்ஃப் மோட்டார் ஒன்று, புதிய சோலனாய்டு ஒன்று என்று மூன்று உருப்படிகள் வாங்கினேன். மூன்றுமே அவசியமில்லாதவை என்பது ஏழாவது வாரத்தில்தான் தெரிந்தது. ஆகவே இந்த விஷயத்தைப் பற்றி எழுத எனக்கு ஒருவித யோக்கியதை உண்டு. கைப்பணம் கொடுத்துச் சம்பாதித்த யோக்கியதை அது.

‘செல்ஃப்’ என்று நாம் சுருக்கிச் சொல்லும் அந்த மோட்டார் வருவதற்கு முன்னால், வண்டிக்கு எதிரே நின்று இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுற்றித்தான் எஞ்சினைக் கிளப்ப வேண்டியிருந்தது. அது சில சமயம் எதிர்த்து உதைத்து மணிக்கட்டை முறித்தும் இருக்கிறது. இந்த உபத்திரவத்தைத் தீர்த்தவர் அமெரிக்காவில் டேட்டன் நகரத்து சார்லஸ் கெட்டரிங். கடைகளில் பணம் வாங்கிப் போடும் கல்லாப்பெட்டி யந்திரத்துக்கு மின்சார மோட்டார் பொருத்திய அனுபவம் அவருக்கு முன்பே உண்டு. கல்லாப்பெட்டி நாள் முழுவதும் ஓட வேண்டியதில்லை, ஒரு கணம் பலமாக இழுத்துவிட்டு ஓய்ந்துவிடலாம் என்பதால், சிறிய மோட்டாரேயானாலும் தன் சக்திக்கு மீறிய மின்சாரத்தை அந்த ஒரு கணத்துக்குத் தாங்கிக்கொள்ளும் என்பதைக் கண்டவர், அதே தத்துவத்தைக் காரிலும் பிரயோகித்தார். 1912-ஆம் வருஷத்துக் காடிலாக் கார்கள் அந்த மோட்டாருடன் வெளிவந்தன. இன்றைக்கும் செல்ஃப் மோட்டாரின் சுபாவம் அதுவேதான். வண்டி கிளம்பவில்லை என்ற கோபத்தில் சாவியைத் திருப்பியபடியே அரை நிமிஷம் பிடித்துக்கொண்டிருப்பவர், கண நேரத்துக்கென்று செய்யப்பட்ட ஒரு யந்திரத்தை உள்ளுக்குள்ளே கருக்கிக்கொண்டிருக்கிறார். பத்து விநாடி சுற்றினால் ஒரு நிமிஷமாவது ஆறவிட வேண்டும்.

சாதாரணப் பெட்ரோல் கார் ஒன்றின் எஞ்சினைச் சுற்றிவிட அந்த மோட்டார் இழுக்கும் மின்சாரம் சுமார் 150 ஆம்பியர். முன்விளக்குகள் இரண்டும் சேர்ந்து எரிவதற்குப் பிடிப்பதோ ஏறக்குறைய 10 ஆம்பியர்தான். ‘ஹாரன் அடிக்கிறது, லைட் எரிகிறது, ஆகவே பேட்டரி நன்றாகத்தான் இருக்கிறது’ என்று தெருவில் வேடிக்கை பார்க்க வந்தவர் முதல் வண்டிக்குச் சொந்தக்காரர் வரையில் எல்லோரும் செய்யும் தர்க்கம், பத்து மரக்கால் நெல்லைத் தூக்கியவன் நூற்றைம்பது மரக்காலையும் தூக்கிவிடுவான் என்பதற்குச் சமானம். செல்ஃப் சம்பந்தமான கோளாறுகளில் பாதிக்கு மேற்பட்டவை இந்த ஒரு வித்தியாசத்தை மறந்ததனால் தப்பாக ஊகிக்கப்படுகின்றன என்பது என் அபிப்பிராயம்.

பேட்டரியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சந்தேகம் முதலில் விழுவது அதன்மேல்தான். பெரும்பாலும் அது நியாயமான சந்தேகமுங்கூட. 12 வோல்ட் என்று நாம் சொல்லும் பேட்டரிக்குள் சுமார் 2.1 வோல்ட் வீதம் ஆறு அறைகள் இருக்கின்றன. ஆகவே முழுச் சார்ஜில், சில மணி நேரம் சும்மா நின்ற பிறகு, மீட்டரில் அது 12.6 காட்ட வேண்டும். 12.4 என்றால் முக்கால்வாசி, 12.2 என்றால் பாதி, 12-க்குக் கீழே போய்விட்டால் கிட்டத்தட்டக் காலி. சற்று முன்புவரை ஓடிய வண்டியில் அளந்தால் பொய்யான உயர்வு தெரியும். முன்விளக்கை இரண்டு நிமிஷம் எரியவிட்டு அணைத்துப் பிறகு அளந்தால் உண்மை வெளிவரும். ஆனால் ஓய்வில் இருக்கும் பேட்டரியை அளப்பது, உட்கார்ந்திருக்கும் ஆளின் பலத்தைப் பார்வையால் மதிப்பிடுவதைப் போன்றதே. செல்ஃபைச் சுற்றச் செய்யும்போதே மீட்டரைப் பார்க்க வேண்டும். அப்போது அது 9.6-க்குக் கீழே சரிந்தால் பேட்டரி சோர்ந்திருக்கிறது என்று கொள்ளலாம். மூடி திறந்து தண்ணீர் ஊற்றும் பழைய மாதிரிப் பேட்டரியாயிருந்தால் ஹைட்ரோமீட்டர் என்னும் கண்ணாடிக் குழாய் இன்னும் ஸ்பஷ்டமாகப் பேசும்: சார்ஜ் நிறைந்த அமிலத்தின் அடர்த்தி 1.260 முதல் 1.280 வரை இருக்கும். ஆறு அறைகளில் ஐந்து ஒத்துப்போக, ஒன்று மட்டும் 0.050-க்கு மேல் இறங்கியிருந்தால், அந்த ஓர் அறை செத்துவிட்டது, எத்தனை சார்ஜ் ஏற்றினாலும் பிரயோஜனமில்லை. சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து எரியக்கூடிய வாயு கிளம்புகிறது என்பதால், மேலே குனிந்துகொண்டு தீக்குச்சி கிழித்துப் பார்க்கும் வழக்கம் உள்ளவர்கள் அதை உடனே விட்டுவிட வேண்டும்.

டெர்மினல் பூத்துப்போவது வேறு. வெள்ளையும் பச்சையுமாகப் பூஞ்சணம்போல் படரும் அந்த உப்பு, வெந்நீரில் ஒரு கரண்டி ஆப்பச் சோடாவைக் கரைத்து ஊற்றினால் நுரைத்துக்கொண்டு கரைந்துபோகும். ஆனால் வெளியே தெரியும் பூ கரைவதோடு வேலை முடிவதில்லை. கிளாம்பைக் கழற்றி, அதன் உட்புறத்தையும் ஈயக் கம்பத்தையும் பளபளப்பு வரும்வரை உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி முடுக்கிய பிறகே மேலே வாஸ்லின் தடவ வேண்டும். கழற்றும்போது, பாடியோடு இணையும் எர்த் கம்பியை முதலில் கழற்றி, மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்டுவது நல்லது. ஸ்பானர் தவறிப் பாடியில் பட்டாலும் தீப்பொறி பறக்காது. பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் பாசிட்டிவ்தான் எர்த்தாக இருக்கும் என்பதையும், ஹெரால்டோ மோரிஸோ வைத்திருப்பவர்கள் பேட்டரி மாற்றுவதற்கு முன் நினைவில் கொள்ள வேண்டும்.

பேட்டரி சரியாக இருக்கிறதென்று ஆனபின், வண்டியின் சப்தத்தைக் கேட்பதற்குச் சற்று நிதானம் வேண்டும். சாவியைத் திருப்பியதும் ‘டக டக டக டக’ என்று தையல் மிஷின்போல் அடித்துக்கொண்டால், மோட்டாருக்குப் பெரிய மின்சாரத்தைத் திறந்துவிடும் காந்த ஸ்விட்சாகிய சோலனாய்டு இழுப்பதும், இழுத்த மறுகணமே மோட்டார் மின்சாரத்தை உறிஞ்ச வோல்ட் சரிவதும், சரிந்ததால் சோலனாய்டு விட்டுவிடுவதும், விட்டதும் வோல்ட் மீண்டும் ஏறுவதுமாக ஒரு சுழற்சி நடந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். அது அநேகமாகச் சார்ஜ் இல்லாத பேட்டரி, அல்லது தளர்ந்த டெர்மினல். ஒரே ஒரு ‘டொக்’ மட்டும் கேட்டு நின்றுவிட்டால், சோலனாய்டு தன் கடமையைச் செய்திருக்கிறது, அதற்கு அப்பால் எங்கோ தடை. எந்தச் சப்தமுமே இல்லையென்றால், சாவி ஸ்விட்சிலிருந்து சோலனாய்டுக்குப் போகும் மெல்லிய வயரில் மின்சாரமே வரவில்லை. அங்கே ஒரு டெஸ்ட் பல்பை வைத்துப் பார்த்தால் போதும், பெரிய கம்பிகளைத் தொடவே வேண்டாம். பழைய லூக்காஸ் சோலனாய்டுகள் சிலவற்றில் ரப்பர் உறை போட்ட பொத்தான் ஒன்று உண்டு. கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு, பானட்டைத் திறந்து அதைக் கட்டைவிரலால் அழுத்தி, செல்ஃப் சுற்றினால், குற்றம் சாவி ஸ்விட்சின் பக்கம் என்று அரை நிமிஷத்தில் தீர்ப்பு எழுதிவிடலாம்.

மோட்டார் ‘உய்ங்’ என்று தான்மட்டும் வேகமாகச் சுற்றி, எஞ்சின் அசையாமல் இருந்தால் அது மின்சாரக் கோளாறே அல்ல. பெண்டிக்ஸ் என்னும் பல்சக்கரம் முன்னே ஓடிப் போய் ஃப்ளைவீலைக் கவ்வவில்லை. கிளச் தூளும் எண்ணெயும் சேர்ந்து அதன் திருகுத் தண்டில் களிம்பாக ஒட்டிக்கொள்வதுதான் வழக்கமான காரணம். மண்ணெண்ணெயில் கழுவி உலரவிட வேண்டுமே தவிர, தாராள மனத்தோடு அதற்கு எண்ணெய் விடக் கூடாது, விட்டால் மறுபடியும் தூளைச் சேர்த்துக்கொள்ளும். கவ்விய பல் விடாமல் சிக்கிக்கொண்டாலோ, ஸ்விட்சை அணைத்துவிட்டு டாப் கியரில் போட்டு வண்டியை முன்னும் பின்னும் நாலு தடவை ஆட்டினால் விடுபடும்.

இனி என் வண்டிக்கு வருகிறேன். அது சொன்னது ஒற்றை ‘டொக்’. முதலில் பார்த்தவர் பேட்டரி வயதாகிவிட்டது என்றார், மாற்றினேன். இரண்டாமவர், செல்ஃப் மோட்டாரில் ஆர்மேச்சர் போயிருக்கும் என்றார், மாற்றினேன். புது மோட்டார் போட்டு இரண்டு நாள் வண்டி உற்சாகமாகக் கிளம்பியது. மூன்றாம் நாள் மீண்டும் ‘டொக்’. பிறகு சோலனாய்டு. 2014-ல் உத்தர்பாராவில் அம்பாசடர் உற்பத்தியே நின்றுபோன பின், அதற்கென்று ஒரு சாமான் வேண்டுமானால் சென்னைக்கு யாராவது போகும்போது புதுப்பேட்டையிலும் ஜி.பி. ரோட்டிலும் தேடச் சொல்லி வாங்க வேண்டியிருக்கிறது. அப்படித் தருவித்துப் போட்ட அந்தச் சோலனாய்டும், தன் முன்னோரைப்போலவே ஒரு தடவை ‘டொக்’ என்று சொல்லிவிட்டு அடங்கியது.

ஏழாவது வாரம், மகாமகக் குளத்துப் பக்கம் சிறிய பட்டறை வைத்திருக்கும் வயோதிகரான ஓர் ஆட்டோ எலக்ட்ரீஷியனை அழைத்துவந்தேன். வந்தவர் கருவிப் பையைத் திறக்கவே இல்லை.

“ராத்திரி லைட்டைப் போட்டுக்கிட்டு செல்ஃப் அடிச்சிருக்கீங்களா சார்?”

“அடிச்சிருக்கேன் பாய். லைட் மங்கவே இல்லை. பேட்டரி புதுசாச்சே.”

“மங்கலைன்னா கரண்ட் போகவே இல்லைன்னு அர்த்தம். மங்கியிருந்தாத்தான் சந்தோஷப்படணும்.” பிறகு ஒரு விசித்திரமான காரியம் செய்தார். டாஷ்போர்டில் இருக்கும் சோக் குமிழைப் பிடித்துக்கொண்டு, என்னைச் சாவியைத் திருப்பச் சொன்னார். நாலைந்து முறை திருப்பிய பின், பானட்டுக்குள் கையை விட்டு, கார்புரேட்டருக்குப் போகும் சோக் கேபிளைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னையும் தொடச் சொன்னார். அந்த மெல்லிய இரும்புச் சுருள், சற்று முன் அடுப்பிலிருந்து இறக்கிய காப்பி டவராவைப்போல் சுட்டது.

சோக் கேபிளில் மின்சாரம் போவதற்கு எந்தக் காரணமும் இல்லை. அது வெறும் இழுகம்பி. ஆனால் மோட்டாருக்குள் போன மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பி வந்தாக வேண்டும். எஞ்சின் ரப்பர் மெத்தைகளின்மேல் உட்கார்ந்திருக்கிறது, ரப்பரோ மின்சாரத்தைக் கடத்தாது. அதனால்தான் எஞ்சினையும் பாடியையும் இணைத்து, தலைப்பின்னலைப்போல் தட்டையாகப் பின்னிய செம்புக் கம்பி ஒன்றைப் போட்டிருக்கிறார்கள். என் வண்டியில் அந்தப் பின்னல் பாடியோடு சேரும் இடத்தில் துரு ஏறி, போல்ட்டுக்குக் கீழே செம்பு பச்சையாகக் கரைந்துபோயிருந்தது. ராஜபாட்டை அடைபட்டுப்போகவே, மின்சாரம் எஞ்சினையும் டாஷ்போர்டையும் இணைத்த ஒரே ஒற்றையடிப் பாதையாகிய சோக் கேபிள் வழியாக முண்டியடித்துத் திரும்பிக்கொண்டிருந்தது. புது மோட்டார் போட்டதும் இரண்டு நாள் ஓடியதன் மர்மமும் அப்போது விளங்கிற்று: பழைய மோட்டாரைக் கழற்றியபோது யார் கையோ பட்டு அந்தப் பின்னல் அசைந்து, தற்காலிகமாக ஒட்டிக்கொண்டிருக்கிறது.

காவிரிப் பாசனத்தில் பழகியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. தலைமடையில் தண்ணீர் கரை புரள்கிறது என்பதனால் கடைமடைக்காரனின் பயிர் நனைந்துவிடாது. நடுவில் வாய்க்கால் தூர்ந்திருந்தால், மதகடியில் எத்தனை அடி தண்ணீர் நின்று என்ன? அந்தத் தூரை மீட்டரில் காண்பது எளிது. மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் எர்த் கம்பத்திலும், மறு முனையை எஞ்சினின் வெற்று இரும்பிலும் வைத்து, செல்ஃப் அடிக்கும்போது பார்க்க வேண்டும். பாதை சுத்தமாயிருந்தால் அது 0.2 வோல்ட்டுக்குள் நிற்கும். என் வண்டியில் நாலரை வோல்ட் காட்டியது. அதேபோல், பேட்டரியின் மற்றக் கம்பத்துக்கும் மோட்டாரின் பெரிய டெர்மினலுக்கும் நடுவே அளந்தால் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. காட்டினால் கம்பியோ, கிளாம்போ, சோலனாய்டின் உள்முனைகளோ கெட்டிருக்கின்றன. ஒரு ஓமில் ஐம்பதில் ஒரு பங்கு தடை இருந்தாலே, 150 ஆம்பியர் ஓடும்போது மூன்று வோல்ட் அங்கேயே சூடாகிக் கழிந்துவிடும். அத்தனை சிறிய தடையைச் செல்ஃப் அடிக்காமல் சாதாரண மீட்டரால் கண்டுபிடிக்கவும் முடியாது. ஓடாத வாய்க்காலில் தூர் தெரிவதில்லை.

மீட்டர் கைவசம் இல்லாதவர்களுக்கு அந்தப் பெரியவர் காட்டிய உபாயம் ஒன்று உண்டு. பேட்டரி கடன் வாங்கப் பயன்படும் கனமான ஜம்பர் கேபிள் ஒன்றை எடுத்து, எர்த் கம்பத்திலிருந்து நேராக எஞ்சின் பிளாக்கில் கடிக்கவிட்டு, “இப்ப அடிங்க சார்” என்றார். ஆறு வாரமாக முனகிக்கொண்டிருந்த எஞ்சின் அரைச் சுற்றில் பிடித்துக்கொண்டது.

செல்ஃப் நன்றாகச் சுற்றியும் எஞ்சின் பிடிக்காத வண்டி வேறு ஜாதி. அங்கே பார்க்க வேண்டியது தீப்பொறி. பழைய வண்டிகளில் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பிளாட்டின் பாயிண்ட் திறந்து மூடுவதனால்தான் காயிலில் பல்லாயிரம் வோல்ட் எழும்புகிறது. காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் மெல்லிய வயரின் முனைக்கும் எர்த்துக்கும் நடுவே டெஸ்ட் பல்பை வைத்துச் செல்ஃப் அடித்தால், பாயிண்ட் திறக்கும்போது பல்ப் எரிந்து, மூடும்போது அணைய வேண்டும். கண் சிமிட்டினால் அந்தப் பக்கம் பெரும்பாலும் க்ஷேமம். எரிந்தபடியே இருந்தால் பாயிண்ட் சேரவில்லை. எரியவே இல்லையென்றால் காயிலுக்கு மின்சாரம் வரவில்லை, அல்லது பாயிண்ட் திறக்கவில்லை, அல்லது கண்டன்சர் ஷார்ட்டாகியிருக்கிறது. பாயிண்டின் இடைவெளி லூக்காஸ் டிஸ்ட்ரிபியூட்டர்களில் சுமார் 0.015 அங்குலம், வழியில் நின்றுபோனால், கனமான விசிட்டிங் கார்டு ஒன்று அந்த அளவுக்கு ஏறத்தாழப் பொருந்தும். ஐப்பசி மழையில் மட்டும் கிளம்ப மறுக்கும் வண்டிக்கு இத்தனை ஆராய்ச்சியும் வேண்டாம்; டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி உள்ளே உலர்ந்த துணியால் துடைத்தால், பெரும்பாலும் முதல் அடியிலேயே பிடித்துவிடும்.

பேட்டரி நல்லது, சார்ஜும் ஏறுகிறது, ஆனாலும் இரண்டு நாள் நிறுத்தினால் காலியாகிவிடுகிறது என்பவர்கள், எல்லா ஸ்விட்சையும் அணைத்து, கதவுகளையும் மூடிவிட்டு, எர்த் கிளாம்பைக் கழற்றி, கம்பத்துக்கும் கிளாம்புக்கும் நடுவே அதே டெஸ்ட் பல்பைப் பிடித்துப் பார்க்கலாம். பல்ப் எரிந்தால் எங்கோ ஓட்டை. ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டே வந்து, எதைப் பிடுங்கியதும் பல்ப் அணைகிறதோ அந்த வழியில் தேட வேண்டும். பல்பைப் பிடித்திருக்கும்போது மறந்தும் செல்ஃப் அடிக்கக் கூடாது.

புதிய செம்புப் பின்னலுக்கும் இரண்டு போல்ட்டுக்கும் சேர்த்து நான் கொடுத்த தொகை, அந்தத் தை மாதத்துக் காலையில் வாடகைக் காருக்குக் கொடுத்ததில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. கெட்டுவிட்டதென்று கழற்றிப் போட்ட பழைய செல்ஃப் மோட்டாரைப் பிறகு பாய் தம் பட்டறை மேஜையில் வைத்து நேராகப் பேட்டரியில் இணைத்துக் காட்டினார், துள்ளிக்கொண்டு சுற்றியது. அது இப்போது எங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே சாக்கில் சுற்றியபடி இருக்கிறது. பழைய அம்பாசடர் வைத்திருப்பவர் யாருக்காவது செல்ஃப் மோட்டார் தேவைப்பட்டால் தாராளமாக வந்து எடுத்துக்கொள்ளலாம். வருவதற்கு முன் எர்த் பின்னலை மட்டும் ஒருமுறை கழற்றிப் பார்த்துவிட்டு வரவும்.